புண் இல்லாத நெறி

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம். அப்பாவின் இருமல் தணிந்ததா? தையல் மெஷினில் குனிந்தே கிடந்து உங்கள் முதுகு என்ன பாடுபடுகிறதோ.

என் கழுத்தில் நெறி கட்டியிருப்பதாகச் சொன்னபோது, "தலையில எங்கயாவது புண்ணு இருக்கும், பாருடி" என்றீர்கள். சீப்பை வைத்துத் தேடினேன், ஒன்றுமில்லை. வலிக்காததால் சும்மா விட்டுவிட்டேன். பல வாரமாகியும் வற்றவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார்கள்.

அங்கே தமிழ் பேசும் நர்ஸ் அக்கா விளக்கினார்: "புண்ணுக்குக் கட்டுற நெறி வலிக்கும், புண்ணு ஆறினா வத்திடும். நெறிங்கிறது கிருமி உள்ள வராம தடுக்கிற காவக்காரன். இது அந்தக் காவக்காரனுக்கே கிறுக்குப் பிடிச்ச கதை. நிணநீர்ப் புற்றுநோய்னு பேரு. பேரைக் கேட்டு மிரளாத. உனக்கு வந்திருக்கிற வகை மருந்துக்கு நல்லாவே அடங்கும்."

பதறாதீர்கள் அம்மா. சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

மருந்து ஏற்றும்போது துணைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார்கள். யோசிக்காமல் "அம்மா" என்று சொல்லிவிட்டேன். முடி கொட்டுமாம். மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு தொப்பி தைத்து, நீங்களே எடுத்துக்கொண்டு வர முடியுமா?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்