காந்தள் பூக்கும் அரை ஏக்கர்

குடிபாலா,
6 அக்டோபர் 2024

அன்புள்ள சீலிக்கு,

கர்த்தர் உனக்குச் சுகம் தருவாராக. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நம் கீர்த்தியும் பேரனும் நலமா?

செங்காந்தள் பூத்துவிட்டது. மகரந்தத்தை நாமே கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். விடிந்ததும் நானும் வேலைக்கு வரும் சென்னம்மாவும் வரிசை வரிசையாகப் போகிறோம். பனிக்குள் மஞ்சளும் சிவப்புமாக அரை ஏக்கரும் மிதக்கிறது. நான் நின்றுவிடுகிறேன். "சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கினே இருந்தா வெயில் ஏறிப்பூடும்" என்கிறாள்.

சர்க்கரைவள்ளி என்று நினைத்து இந்தக் காந்தள் கிழங்கைத் தின்றுதான் உன் தங்கை தபிதா இறந்தாள். தெரிந்தும், உன்னைக் கேட்காமல் நட்டேன். தப்புதான். தீப்பெட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்... வேண்டாம், பாடம் நடத்துகிறேன் என்று கோபப்படுவாய். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டுக்கு வா.

உன்
இயேசுதாசன்

திருப்பதி,
19 அக்டோபர்

பிரியமான உங்களுக்கு,

தண்ணீர் வாளி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. கீர்த்தி எலும்புக் கட்டுக்குப் புத்தூர் கூட்டிப்போனாள். கட்டுப் போடுகிறவர், "எலும்பு ஒடியலம்மா, சதை இழுத்துக்கினு கீது" என்று அனுப்பிவிட்டார். இங்கே டாக்டர் தயோகால்ச்சிகோசைடு என்று ஒரு மாத்திரை, ஏழு நாளைக்கு எழுதினார்.

போட்டதும் சதை தண்ணீரில் போட்ட பஞ்சு போல அவிழ்கிறது. மத்தியானம் ஏழு மலையும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. தபிதா கட்டிலோரம் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்கிறாள். பயமாக இல்லை.

இதைத் தொடரலாமா? பதில் போடுங்கள். பூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஜெயசீலி

குடிபாலா,
22 அக்டோபர்

அன்புள்ள சீலி,

டாக்டர் சொன்ன ஏழு நாளும் சாப்பிடு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வாளி பக்கம் போகாதே. இங்கே மழை.

உன்
இயேசுதாசன்

திருப்பதி,
28 அக்டோபர்

பிரியமான உங்களுக்கு,

வலி விட்டுவிட்டது. அந்த மாத்திரை காந்தள் விதையிலிருந்து செய்வதாம்; கீர்த்தி போனில் படித்துச் சொன்னாள். தாவரவியல் நடத்திய உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வரி எழுதியிருந்தால் என்னை ஜெயித்திருப்பீர்கள். எழுதவில்லை.

அதனால் சொல்கிறேன். அன்றைக்கு வேலியோரம் கிழங்கு தோண்டியவள் நான். சுட்டுக் கொடுத்ததும் நான். எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு. "அக்கா, கசக்குது" என்றாள். "துன்னு, பசி அடங்கும்" என்றேன். அவளே தோண்டித் தின்றதாக நைனாவிடம் சொன்னேன். முப்பத்தொன்பது வருஷம் உங்களோடு வாழ்ந்தும் சொல்லவில்லை. நம் நிலத்தில் அந்தக் கொடியைப் பார்த்தபோது, கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

இது தெரிந்த பிறகும் வா என்பீர்களானால் எழுதுங்கள். இல்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம்.

ஜெயசீலி

குடிபாலா,
30 அக்டோபர்

சீலி,

பதினோரு வயதில் உனக்கும் பசித்துத்தான் இருக்கும்.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வயலைச் சென்னம்மாவிடம் விட்டுவிட்டேன். தபாலில் போட்டால் இது எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். கீர்த்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடித்துவிட்டுக் கூப்பிடு. அதுவரை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

தாசன்