ஆறு முறை வந்த அழைப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆபரேஷன் ஆன கண்ணில் உறுத்தல் குறைந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா? நான் நலம்தான். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஆபீசில் ஒரு கூத்து. எங்கள் வீடியோ மீட்டிங் அறையிலிருந்து வெளியே கூப்பிட்டால் போகிறது. ஒரு வாடிக்கையாளர் அங்கிருந்து கூப்பிட்டால் மட்டும் இங்கே மணியே அடிப்பதில்லை. "அவங்க கூப்பிடவே இல்லன்னு மூணு வாரமா திட்டிட்டிருக்கோம்" என்றார் மேனேஜர். பதிவுகளைத் திறந்தால், முப்பத்தெட்டு அழைப்புகள் வாசலோடு திரும்பியிருந்தன. கண்ட எண்களிலிருந்தும் தொல்லை வருகிறதே என்று, தெரியாத எண் எதுவும் உள்ளே வராதபடி அடைத்து வைத்தது நான்தான். அவர்கள் எண்ணை மாற்றியது எனக்குத் தெரியாது. நல்லவேளை, திட்டோடு போயிற்று.

என் போனிலும் அதே ஏற்பாடுதான். மாடிப்படியில் உட்கார்ந்து, தடுக்கப்பட்ட அழைப்புகளைப் பார்த்தேன். ஒரே எண், ஒரே காலையில் ஆறு முறை. கூப்பிட்டேன். நம் தெரு மருந்துக்கடைக்காரர் எடுத்தார்.

"என் போன்லேருந்து கூப்பிட்டது அப்பாதாம்மா. துணைக்கு நான்தான் போயிருந்தேன். பதட்டத்துல அவர் போனை வீட்டுலயே வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. உன் நம்பர்தான் அவருக்கு மனப்பாடமாச்சே! உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னாரு."

இது எதுவும் தெரியாமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை நான் உங்களிடம் கத்தினேன்: "சொல்லாம ஆபரேஷன் பண்ணிக்குவீங்களா? ஒரு போன் பண்ண முடியாதா?"

"மறந்துட்டேம்மா" என்றீர்கள்.

யார் யார் போனிலிருந்து கூப்பிடுவீர்களோ, அத்தனை எண்ணையும் எழுதி அனுப்புங்கள். மேனேஜர் கூப்பிடுகிறார், போகிறேன்.

ஆறு முறையா அப்பா மறந்தீர்கள்?

உங்கள் மகள்