இரண்டு கட்டு லேபிள்

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். ஆவணி முடியப்போகிறது, ஒரு சொட்டு மழை இல்லை. பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. நாள் முழுக்க அழுகை, லேசான சூடு.

என் வீட்டுக்காரர் பெயருக்குக் கோர்ட் சம்மன். 'சாட்சி' என்றுதான் போட்டிருக்கிறது. மறுபடி மறுபடி பார்த்தேன்.

சித்திரையில் போலீஸ் வந்து விசாரித்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டில் குண்டுவெடிப்பு. (எந்த நாடு என்று இங்கேகூட எழுத வேண்டாம் என்கிறார்.) வைத்தவன் தங்கிய அறையில் தீபாவளி வெடிப் பெட்டிகள், பாதி வெடியில் மருந்தைக் கொட்டி எடுத்திருக்கிறான். பெட்டி மேல் இவர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் முயல் லேபிள். அந்த ஊரில் எங்கள் கம்பெனிச் சரக்கு வாங்குகிறவர் ஒரே ஒரு கடைக்காரர். அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். இவர் லோடு அனுப்பும் சூப்பர்வைசர். அதனால் இவரைக் கேட்கிறார்கள்.

எதிர்வீட்டு அக்கா: "ஏத்தா, ஒன் வீட்டுக்காரர பிளேன்ல கூட்டிட்டுப் போறாகளாமே? வரையில எனக்கு ஒரு சென்ட்டு பாட்டில் வாங்கியாரச் சொல்லு."

சிரித்து வைத்தேன்.

செப். 11, வியாழன்

மாவு அரைக்க. தடுப்பூசி அட்டை தேட. ராஜிக்குப் போன்.

ராஜி என்னோடு காலேஜில் படித்தவள், விருதுநகரில் வக்கீல். எடுத்ததும் திட்டு. "லூசு, சாட்சிய யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுடி. அந்த ஊரு போலீசு இங்கன வந்து கேக்கவும் முடியாது. சித்திரையில எழுதிட்டுப் போனது போலீசும் போலீசும் பேசிக்கிட்டது, அங்க கோர்ட்ல நிக்காது. அதான் அவுக கோர்ட்டு கேள்விய எழுதி, டெல்லி வழியா நம்ம கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கு. இங்கன ஜட்ஜ் கேப்பாரு, இவரு சொல்லுவாரு. பதில் வந்த வழியே திரும்பிப் போகும்."

"எம்புட்டு நாளாகும்?"

"மாசக்கணக்கா."

அதுவரை அந்தக் கடைக்காரர் உள்ளேயேதானா?

செப். 14, ஞாயிறு

பாப்பாவைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே இவர் சொன்னார். போன சீசனில் பக்கத்து ஊர் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் தீர்ந்துபோனதாம். ஆர்டர் நெருக்கடி. கேட்டு ஆள் விட்டார்கள். இவர் முயல் லேபிள் இரண்டு கட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார். சீசனில் எல்லோரும் செய்வதுதான், பக்கத்து வீட்டுக்குச் சீனி கொடுப்பது மாதிரி. அவர்கள் தங்கள் வெடியில் அதை ஒட்டி, வேறு வியாபாரி மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்தப் பெட்டிதான்னு எப்பிடிச் சொல்றீக?"

"போலீசு காட்டுன போட்டோவுல திரி பச்சை. நாங்க பச்சைத் திரி போடுறதே இல்ல."

"அப்பவே சொன்னீகளா?"

"அண்ணாச்சி வாயத் தொறக்காதன்னுட்டாரு. லேபிள் குடுத்தது தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும், அம்புட்டு பேரு பொழப்புன்னாரு."

அண்ணாச்சி, முதலாளி. பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தவர்.

செப். 17, புதன்

கோர்ட். நானும் பாப்பாவும் வெளியே மரத்தடியில். பால் சிந்திச் சேலை பாழ்.

இவர் வெளியே வந்து சொன்னார். "ஏழு கேள்வி. இது ஒங்க லேபிளா? ஆமா. அந்தக் கடைக்காரருக்குச் சரக்கு அனுப்புனீகளா? ஆமா. இப்பிடியே."

"லேபிள வேற யாருக்காச்சும் குடுத்தீகளான்னு?"

"கேக்கல."

"நீங்க?"

"கேட்டதுக்குத்தான பதில் சொல்ல முடியும்."

இங்கே சீசனில் லேபிள் கைமாறும் என்று அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததை எப்படிக் கேட்பார்கள்? இவர் சொன்ன ஏழும் உண்மை. அந்தக் கடைக்காரரை உள்ளேயே வைத்திருக்க அது போதும்.

டைப் ஆனதும் வெள்ளிக்கிழமை படித்துப் பார்த்துக் கையெழுத்து. ராஜி சொன்னாள், அதற்குள் எதையும் சேர்க்கச் சொல்லலாமாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் போச்சு, மறுபடி அங்கிருந்து கேள்வி வந்தால்தான்.

செப். 18, வியாழன்

லேபிள் கொடுத்ததையும் சேர்க்கச் சொன்னேன். சண்டை. "நமக்கு ஒரு பிள்ள இருக்கு" என்றார். "அந்தக் கடைக்காரருக்கும் இருக்கும்ல" என்றேன். சாப்பிடாமல் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார்.

பாப்பாவுக்குச் சூடு இல்லை. மாவு புளித்துவிட்டது. வேலை போனால் வாடகை? எனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

செப். 19, வெள்ளி

சேர்த்துவிட்டார். இரண்டு கட்டு லேபிள், பச்சைத் திரி, எல்லாம். "இது கேள்வியில இல்லையே" என்று ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தாராம். "இல்லைங்கய்யா, நடந்தது இதுதான்" என்றாராம் இவர். எழுதிக்கொண்டார்கள். அங்கே போய்ச் சேர எத்தனை மாதமோ.

வந்ததும் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணாச்சி போன் பண்ணவில்லை. நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

செப். 20, சனி

தூறல். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. டிபன் பாக்ஸோடு தெருமுனையில் நின்றோம். கம்பெனி வேன் வந்தது. இவர் கை காட்டினார். டிரைவர் ரோட்டையே பார்த்தார். உள்ளே இருந்த பொம்பளைகள் எங்களைப் பார்த்தார்கள். வேன் நிற்கவில்லை.

பாப்பா எப்போதும்போல வேனுக்கு டாட்டா காட்டினாள்.