வரிசை எண் முப்பத்தெட்டு

என் செல்லக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் இருக்கிறோம் என்றுதான் சொல்வாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. போனில் பேசாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நீ கேட்பது காதில் விழுகிறது. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், பாதியில் நான் திட்டுவேன், விஷயம் அப்படியே நிற்கும். அதோடு இப்போது என் போனை நம்பிப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், முதலில் தெரிந்தது கூரை மூலையில் இருக்கும் ஒட்டடை, இரண்டாவது என் நரை. முப்பது வருஷமாகத் தெரியாத ஒட்டடையா இன்றைக்குத் தெரிந்தது, அப்படியென்றால் துடைப்பம் இருக்கும் இடமும் தெரியுமே என்றேன், அன்றிலிருந்து மறுபடியும் கண் கொஞ்சம் மங்கல் என்கிறார். வாஷிங் மெஷின் துணி பிழியும்போது அறை முழுக்க நடந்து போகிறது, மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, தரைதான் சமமா இல்லம்மா என்று சொல்லிப் போய்விட்டான். உன் சித்தி புது வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் என்னை அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதும் வேலை என்று நீ எல்லோரிடமும் சொல்வாய், நானும் அதற்கு மேல் சொன்னதில்லை, சோறு இறங்கும் நேரத்தில் உன்னிடம் சொல்லக்கூடிய கணக்கு இல்லை அது. போலீஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்துபோனால் ஒரு நாளுக்குள் அங்கிருந்து எங்கள் பிரிவுக்கு ஒரு படிவம் வந்தாக வேண்டும். ஆள் யார், எப்போது பிடித்தார்கள், எப்போது இறந்தார், ஏற்கனவே என்ன நோய் இருந்தது, மனநிலை எப்படி, இறந்ததற்குக் காரணம் என்ன என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். நான் அதைப் பெரிய பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏற்றுவேன், வருஷக் கடைசியில் கூட்டுவேன், அந்தக் கூட்டுத்தொகைதான் அரசாங்கம் வெளியிடும் தடிப் புத்தகத்தில் ஒரு பக்கமாக வரும். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கம் என்னுடையது. காரணம் என்ற கட்டத்தில் மாரடைப்பு, தூக்கு, வலிப்பு, குளியலறையில் வழுக்கி விழுந்தது, இவைதான் மாறி மாறி வரும். நம் ஸ்டேஷன் குளியலறை மாதிரி வழுக்குகிற தரை உலகத்தில் எங்கும் கிடையாது என்று மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்களே சிரித்திருக்கிறோம். சிரித்தேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஆள் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, அவரைச் சொந்த ஜாமீனில் விட்டாயிற்று என்று ஒரு கடிதம் தயார் செய்துவிடுவார்கள். விட்டபிறகு செத்தால் அது காவலில் நடந்த சாவு இல்லை. அந்தப் படிவத்தின் தலையில் ‘தகவலுக்கு மட்டும்’ என்று எழுதி அனுப்புவார்கள், அதற்கு நான் எண் போடக் கூடாது, தனிக் கட்டாகக் கட்டிப் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். எங்கள் பிரிவில் அதற்குக் கடைசி நேர விடுதலை என்று பெயர். கட்டுவதற்கு நூல் தீர்ந்துபோனால் கேட்டு வாங்குவேன். ஒரு நாளும் அந்தக் கட்டை எண்ணிப் பார்க்கவில்லை குட்டிம்மா, எண்ணுவதுதான் என் வேலை, அதை மட்டும் எண்ணவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒன்று வந்தது. டைல்ஸ் போடுகிற ஒருவர், இருபத்தொன்பது வயது. வேலை பார்த்த வீட்டில் ஒரு சங்கிலியைக் காணோம் என்று பிடித்துப் போயிருக்கிறார்கள். மாலை நாலேகாலுக்கு ஜாமீனில் விட்டதாகவும் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் இறந்ததாகவும் படிவம் சொல்கிறது. ஆனால் பின்னால் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்துக் குத்தி அனுப்பிவிட்டார்கள், அதில் கொண்டுவரும்போதே உயிர் இல்லை, நேரம் மத்தியானம் இரண்டு ஐம்பது என்று இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் புதிது, எல்லாத் தாளையும் இணைத்து அனுப்பவும் என்று நான் போட்ட சுற்றறிக்கையைப் படித்துவிட்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்திருக்கிறார். நானாவது சும்மா இருந்தேனா. இரண்டு நேரம் இடித்தால் போன் போட்டுக் கேட்டுச் சரிபார்ப்பது என் பழக்கம், கூட்டுத்தொகை இடித்தால் எனக்குக் கை அரிக்கும், அது உனக்கே தெரியும். அன்றைக்கும் யோசிக்காமல் போனை எடுத்து எந்த நேரம் சரி என்று கேட்டேன். அவரும் வெள்ளந்தியாக, ஆஸ்பத்திரி டைம்தான் மேடம் கரெக்ட், ஜாமீன் லெட்டர் சாயங்காலம்தானே அடிச்சோம் என்றார். அதை அப்படியே குறிப்புக் கட்டத்தில் தேதி போட்டு எழுதினேன். செத்துப் போனவரை எப்படி ஜாமீனில் விட முடியும், ஆகவே பதிவேட்டில் ஏற்றி வரிசை எண் முப்பத்தெட்டு என்று மையால் போட்டேன். வீரம் ஒன்றும் இல்லை, கணக்கு இடிக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. பிறகுதான் உறைத்தது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை நானே போன் போட்டு அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் அதே ஸ்டேஷனிலிருந்து போனில் வேறு குரல் பேசியது, கனமான, மரியாதையான குரல். அந்தச் சீட்டு தவறிப் பின்னாடி வந்துடுச்சும்மா, பிரிச்சு எங்களுக்கே அனுப்பிடுங்க என்றார். பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது, எழுத்தில் கடிதம் கொடுங்கள் என்றேன். மறுநாள் எங்கள் சூப்பிரண்டு கூப்பிட்டு, ஒரு கோடு கிழிச்சு விடுங்க, உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல வருது, எதுக்கு வம்பு என்றார். நீங்களே கோடு போட்டுக் கையெழுத்தும் போடுங்கள் சார் என்று பதிவேட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் பேனாவைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் தடவினார், பேனா அங்கேயேதான் இருந்தது, பதிவேடு திரும்ப என் மேஜைக்கே வந்துவிட்டது. எல்லோரும் வாயால் சொல்கிறார்கள், எழுதித் தர ஒருவருக்கும் கை வரவில்லை. அந்த ரைட்டரை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அந்த மனிதர் வேலை கற்றுக்கொண்டதே என் சுற்றறிக்கையைப் பார்த்துத்தான்.

இதற்கு நடுவில் அந்த டைல்ஸ்காரர் மனைவி வந்தாள். உன் வயதுதான் இருக்கும், உன்னைவிட ஒல்லி. தகவல் கேட்டு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தாள், யாரோ வக்கீலம்மா எழுதிக் கொடுத்தது. இந்த வருஷம் காவலில் எத்தனை பேர் இறந்தார்கள், அதில் என் கணவர் பெயர் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. மனுவை வாங்கி முத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், அவர் எத்தனாவது ஆளுங்க என்று மெதுவாகக் கேட்டாள். முப்பத்தெட்டு என்று வாயில் வந்துவிட்டது. அப்ப என்னை மாதிரி இன்னும் முப்பத்தேழு பேர் இருக்காங்களா, அவங்கல்லாம் இங்க வந்தாங்களா என்றாள். யாரும் வரவில்லை என்றேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கீழ்த்தட்டில் இருக்கும் கட்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. மனுவுக்கு முப்பது நாளில் பதில் கொடுக்க வேண்டும் என்பது விதி, விதிப்படி பதிவேட்டுப் பக்கத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் நகல் எடுத்து, உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு பீரோவைத் திறந்து அந்தக் கட்டுகளைப் பிரித்துப் படிவங்களை எண்ணினேன். நூற்றுப் பதினாறு. அதை யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்வேன்.

அந்த வக்கீலம்மா மூலம் நகல் கோர்ட்டுக்குப் போயிற்று, பேப்பரிலும் வந்தது. அதற்குப்பிறகு ஆபீசில் என்னோடு யாரும் டீ குடிக்க வருவதில்லை. என் பக்கத்து மேஜைக்காரி, பதினாறு வருஷம் என்னோடு டப்பாவைப் பங்கு போட்டவள், ஜன்னல் பக்கம் மேஜையை மாற்றிக்கொண்டாள், வெளிச்சம் பத்தலக்கா என்கிறாள். போனில் பேசினால் நடுவில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. புதன்கிழமை ஒரு தாள் வந்தது, அரசாங்கப் பதிவேட்டில் பொய்யாகத் திருத்தம் செய்ததாக என்மேல் புகாராம், விசாரணைக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதே, அதேதான்.

தாளைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அன்று சாயங்காலம் மாடி வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து, உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாருக்கா, ரொம்ப நல்லவரு, உங்க உடம்பப் பத்தி எவ்ளோ அக்கறையா விசாரிச்சாரு தெரியுமா என்றாள். என்ன கேட்டார் என்றேன். அக்காவுக்கு சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, நெஞ்சு வலின்னு எப்பயாவது சொல்லியிருக்காங்களா, தூக்க மாத்திரை போடுறாங்களா, கொஞ்ச நாளா மனசு ஒடிஞ்சு இருக்காங்களா. இவளும் பாவம், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஆமாங்க, அடிக்கடி தலைவலிம்பாங்க, இப்பல்லாம் யார்கூடயும் பேசறதில்ல என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எங்கள் ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. வந்தவன் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என் படிவத்தில் இருக்கும் கட்டம், வரிசைகூட மாறவில்லை. ஆள் இருக்கும்போதே கட்டத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வாஷிங் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், பிறகு நானும் வரேன், வாசல்லயே உக்காந்திருக்கேன், நீ வெளிய வர்ற வரைக்கும் நகர மாட்டேன் என்றார். அந்த வக்கீலம்மாவும் கூட வருகிறாள், அவள் நம்பரைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். போகாமல் இருந்தால் ஓடி ஒளிந்தாள் என்று எழுதுவார்கள், அதனால் போகத்தான் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். நான் வீட்டில் இருந்தால் போனில் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்துகொள், கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் கீழே இருப்பதை அப்படியே வக்கீலம்மாவிடம் கொடு.

எனக்குச் சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இல்லை. வியாழக்கிழமை லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எல்லாச் சோதனையும் எடுத்தேன், டாக்டர் நல்லாயிருக்கு என்று எழுதிக் கொடுத்த தாளின் நகல் இதோடு இருக்கிறது. வலிப்பு என் வாழ்நாளில் வந்ததில்லை. தூக்க மாத்திரை தொட்டதில்லை, தலைவலிக்குத் தைலம் மட்டும்தான். எனக்கு மனம் ஒடியவில்லை, கோபம்தான் இருக்கிறது, கோபமாக இருக்கிறவள் கயிற்றைத் தேட மாட்டாள். குளியலறையில் நான் வழுக்கி விழுவதில்லை, விழுகிற வயதும் இல்லை. என் உடம்பில் இருக்கும் தழும்புகள்: வலது முழங்கையில் குக்கர் சுட்டது, இடது முட்டியில் சைக்கிளிலிருந்து விழுந்தது, அடிவயிற்றில் உன்னை எடுத்தது. இந்த மூன்றும்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளே போகும் உடம்பில் நாலாவது கிடையாது.

அழாதே. உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, முதலில் போன் செய். அந்தக் கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு, நாலு மாதமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்காதே. நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. இந்தக் கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, தபால் முத்திரை இருக்கும் மூலை கிழியாமல் வை, திங்கட்கிழமைக்கு முன்னால் எழுதியது என்பதற்கு அதுதான் சாட்சி.

இப்படிக்கு,
சுயநினைவோடும் நல்ல உடல்நிலையோடும்,
உன் அம்மா
சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது