பின்சில்லைத் தூக்கும் பொபின்

கையில் கிறீஸ் மணக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். நகத்துக்குள் போனது போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் மூக்குக்கு வருகிறது. நீங்கள் இந்தக் கையோடு சாப்பிட வந்து குந்தும்போது நான் ஏசுவேன். "மீன் மணத்துக்கு இது நல்லம்தானே" என்பீர்கள். இன்றைக்கு எனக்கு ஏச ஆளில்லை.

எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை வாயால் சொன்னால் நடுவில் யாராவது ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள். அதனால்தான் கொப்பியை எடுத்தேன்.

விசயம் உங்கள் ஸ்ராண்ட். மோட்டார்ச் சைக்கிளின் பின்பக்கத்தை நிலத்தை விட்டுத் தூக்கி நிறுத்த, குழாய் வளைத்து நீங்கள் செய்வித்தது. பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் தகடு ஒட்டுவித்து, தகட்டில் துளை போட்டு, பக்கத்துக்கு ஒரு பொபினை மரை ஆணி வைத்துப் பூட்டியிருந்தீர்கள். தையல் மெசின் பொபின் போலத்தான், நடுவில் ஒடுங்கின இரும்பு உருளை. ஸ்ராண்டின் கொக்கி இரண்டும் அந்த ஒடுக்கத்தில் மாட்டும். ஒரு அமத்து அமத்தினால் சில்லு எழும்பும். பின்னால் மீன்பெட்டி கட்டி ஓடுகிற சைக்கிள். கிழமைக்கு ஒருக்கால் தூக்கி வைத்துக் கழுவாவிட்டால் செயினை உப்பு தின்றுவிடும்.

இப்போது அதில் மீனுக்கு ஓடுவது மருமகன். ஸ்ராண்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மாமி, உந்தச் சனியனைப் பழைய இரும்புக்குக் குடுப்பம். மாமாவை விழுத்தினது போதும்" என்றார். "சரியான பொபின் கிடைக்கட்டும், பிறகு பாப்பம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்லலாம். உங்களுக்கும் நான் முழுதாய்ச் சொன்னதில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. சனம் மரக்கறிக்கு மாறிவிடும், மீன் ஓடாது. வருசா வருசம் அந்த நாட்களில்தான் நீங்கள் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவீர்கள். பழைய பொபின் துருவேறிப் போனதென்று புதிதாய் இரண்டு வாங்கி வந்தீர்கள். வந்த அன்றே உங்களுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. பாயில் கிடந்தபடி கூப்பிட்டீர்கள்.

"இஞ்சை, அந்த ரெண்டையும் இறுக்கி விடு. நாளைக்குச் சில்லைத் தூக்கவேணும்."

"எனக்கு உதெல்லாம் தெரியுமே?"

"போத்தில் மூடி பூட்டத் தெரியுமெல்லே? அவ்வளவுதான்."

இடப்பக்கத்தது கொஞ்சம் போய் நின்றது. வலப்பக்கத்தது மூன்று சுற்றில் இறுகியது. இன்னும் வெளியில் நிற்கிறதே என்று ஸ்பனரைப் பிடித்து முழுப்பலத்தோடு முறுக்கினேன். உள்ளுக்குள் கறுக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அது சும்மா சுற்றியது. சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே நின்றது. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"இறுக்கியாச்சோ?" என்று உள்ளிருந்து கேட்டீர்கள்.

"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் இடுப்பு கொஞ்சம் விட்டதும் நீங்கள் சைக்கிளுக்குப் பின்னால் குந்தி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். வலப்பக்கப் பொபின் கழன்றது. சைக்கிள் சரிந்தது. ஸ்ராண்டின் குழாய் உங்கள் கால் பெருவிரலில் இறங்கியது. சீனி வருத்தக்காரருக்குக் கால் காயம் எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் மட்டும் துணி சுற்றிக்கொண்டு, "காயும், காயும்" என்று நடந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது பாதம் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு எடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "நான்தான் பூட்டினனான். என்ரை பிழை" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் சுடுதண்ணிப் போத்திலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சனம் போன பிறகு மெல்லமாய், "நீ ஏன் இப்பிடி நிக்கிறாய்? அந்த ஆணி அதுக்குரியதில்லை. உன்ரை கையிலை ஒண்டுமில்லை" என்றீர்கள்.

ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். எனக்காகச் சொல்கிற பொய் என்று நினைத்தேன். எட்டு மாதமாய் அந்தப் பொய்யை நினைத்துத்தான் அழுகிறேன். சாகக் கிடந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காத மனுசன் என்று.

கழன்று விழுந்த பொபினை ஒருவருக்கும் தெரியாமல் துணியில் சுற்றி வைத்திருந்தேன். போன கிழமை அதை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். மருமகனுக்காக மட்டும் இல்லை. நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியவேண்டும்.

முதல் கடையில், "எட்டு மில்லிமீற்றர் அக்கா, எல்லாத்துக்கும் உதுதான்" என்று ஒரு சோடி தந்தார்கள். வீட்டில் கொண்டுவந்து பூட்டினால் மூன்று சுற்றில் நின்றது. இந்த முறை நான் முறுக்கவில்லை. கழற்றிவிட்டேன். அடுத்த நாள் ஆறு மில்லிமீற்றர் வாங்கினேன். கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரி விழுந்தது. பத்து உள்ளுக்கே போகவில்லை. மூன்றாம் தரம் போக, கடைக்காரர், "அக்கா, பேசாமல் சைக்கிளை மாத்துங்கோவன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் தகடு எங்கே ஒட்டுவித்தீர்கள் என்ற யோசனை வந்தது. சைக்கிள் திருத்துகிற கடையில் இல்லை. கரையில், வள்ளம் திருத்துகிற ஆளிடம். இன்று காலை மருமகன் ஓட, நான் பின்னால் இருந்து, குருநகர்ப் பக்கம் வள்ளச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். உரல் மாதிரி ஒரு மனுசன், வாயில் பல்லுக்குத்தி. துணியை அவிழ்த்துப் பொபினைக் கொடுத்தேன். நகத்தால் மரையைத் தடவினார்.

"இதின்ரை மரையை ஆர் தின்னக் குடுத்தது?"

நான் வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டினேன். அவர் வெளியே வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துத் துளையில் வைத்து விரலால் சுற்றினார். அது கடைசிவரை போய் நின்றது.

"பாத்தீங்களே, ஸ்பனரே தேவையில்லை. இது வள்ளத்து ஆணிக்கு வெட்டின துளை. அங்குலக் கணக்கு. நீங்கள் கொண்டந்தது மில்லிமீற்றர். பாக்க ரெண்டும் ஒண்டு மாதிரித்தான். மூண்டு சுத்து போகும், பிறகு ஒண்டையொண்டு கடிக்கும்."

"பலமாய் இறுக்கினால்?"

"பலமாய் இறுக்கினால் கெதியாய்க் கழரும்."

"மெல்லமாய் இறுக்கியிருந்தால்?"

"கொஞ்சம் பிந்திக் கழரும். ஆர் இறுக்கினாலும் கழரும், அக்கா."

அங்குல ஆணி வைத்துப் பொபின் கடைந்து தரச் சொன்னேன். கடைக்குள் இருந்த கடைசல் மெசினில் இரும்பைப் பூட்டிக்கொண்டே அவர் கதைத்தார். "இந்த அளவிலை ஒராள்தான் என்னட்டைக் கேக்கிறவர். அரியாலைப் பக்கம், மீன்காரர். போன கொடியேற்றத்தோடை வந்தவர். அப்ப ஆணி முடிஞ்சுபோச்சு, கொழும்பாலை வர ஒரு மாசம் செல்லும் எண்டனான். 'அதுக்குள்ளை திருவிழா முடிஞ்சிடும், மில்லிமீற்றரைப் போட்டுச் சமாளிக்கிறன்' எண்டார். 'அது நிக்காது அண்ணை' எண்டு சொன்னனான். சிரிச்சிட்டுப் போட்டார். ஆளை இப்ப காணேல்லை."

"அவர் இப்ப இல்லை" என்றேன்.

பல்லுக்குத்தியை வாயிலிருந்து எடுத்தார். கடைந்து முடித்து, கிறீஸ் பூசித் தந்தார்.

வீட்டுக்கு வந்து நானே பூட்டினேன், இரண்டையும். விரலால் போனது. கடைசியில் மட்டும் ஸ்பனர் பிடித்தேன். மருமகன் தயங்கித் தயங்கி ஸ்ராண்டை மாட்டித் தூக்கினார். நான் சீற்றில் இரண்டு கையையும் வைத்து ஆட்டினேன். அசையவில்லை.

அப்போது சொன்னேன். "தம்பி, அண்டைக்கு மாமாவுக்கு இறுக்கிக் குடுத்தது நான்தான். சும்மா சுத்தினது தெரிஞ்சும் ஓம் எண்டனான்."

அவர் துணியை எடுத்துக்கொண்டு செயினுக்குப் பக்கத்தில் குந்தினார். "சரி மாமி. அந்த மண்ணெண்ணெய்ப் போத்திலை இஞ்சாலை தாங்கோ" என்றார். கொடுத்தேன்.

ஆக, ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது பொய்யில்லை. நிற்காது என்று தெரிந்துதான் வாங்கி வந்திருக்கிறீர்கள். போத்தில் மூடி பூட்டத் தெரியுமெல்லே என்று சிரித்தபோதும் உங்களுக்குத் தெரியும். அதை அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சும்மா சுற்றுது என்று நானும் வாய் திறந்திருப்பேன். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்காகப் பொய் சொன்ன மனுசனை நினைத்து அழுவது எனக்குச் சுகமாய் இருந்தது. அவர் இன்றைக்குக் கடையோடு போய்விட்டார். மிச்சம் இருப்பது அவசரக்காரர் ஒருவர், தன் பிழையைத் தன் பிழை என்று சொன்னவர். முப்பத்தொரு வருசம் நான் சமைத்துப் போட்டது அவருக்குத்தான். அவரை நினைத்தும் அழுவேன். நடுவில் கொஞ்சம் ஏசவும் செய்வேன். கோவிக்காதையுங்கோ.