திறந்திருந்த அலுமாரி

ஏப்ரல் 3, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

போன கிழமை ஆறாம் வகுப்புக்கு யூதர்களின் பாஸ்கா பற்றிச் சொன்னேன். விருந்தில் ஆகச் சின்னப் பிள்ளைதான், இந்த இரவு மட்டும் ஏன் வித்தியாசம் என்று கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். அப்படித்தான் அவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றேன்.

இன்று மேற்பார்வைக்குக் கல்வி அதிகாரி வந்தார். அவர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவர்கள் வலக்கையும் தெரியாதவர்கள் இடக்கையும் உயர்த்தவேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் காலையிலேயே பழக்கிவிட்டார். எல்லாக் கையும் உயர்ந்தால் வகுப்பு கெட்டிக்கார வகுப்பாம். பிள்ளைகளைக் கொண்டு பொய் சொல்வித்துவிட்டு, பின்னேரம் ஒழுக்கம் பற்றிப் பேசுகிறார்.

"ஏதும் கேட்க இருக்கோ பிள்ளையள்?" என்றார் அதிகாரி.

வகுப்பில் ஆகச் சின்னவள் தர்ஷி. கப்பல்துறைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இடக்கையை உயர்த்தினாள்.

"சேர், ஒருநாளும் திறக்காத புத்தக அலுமாரி இண்டைக்கு மட்டும் ஏன் திறந்திருக்கு?"

அதிகாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதிபர் அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"இவளுக்கு இப்பிடிக் கேட்க ஆர் பழக்கினது?"

தர்ஷி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து புத்தகத்தைத் திறந்தாள்.

பதில் எனக்குத் தெரியும். என் வலக்கை எழவில்லை.