வாசல் சாய்வு

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்து புது வீடு கட்டும் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. சீமெந்து விலையைப் பார்த்தால், நீ அனுப்பும் காசு கூரைவரை வருமா என்று பயமாயிருக்கிறது.

நேற்று சுவர் கட்டும் மேசன்பாஸ் சொன்னார்: "அக்கா, சக்கர நாற்காலிக்குன்னு வாசல்ல சாய்வு கேட்டீங்க. அண்ணன்தான் இப்ப இல்லையே. படியா கட்டிட்டா ஏழு மூடை சீமெந்து மிச்சம்ங்க."

சரியென்று தலையாட்டிவிட்டு நம் லயத்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் அப்பாவை நாற்காலியோடு தூக்கித் தூக்கி இறக்கிய அதே படி. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வாரே. கடைசி நாளும் தூக்கித்தான் இறக்கினோம்.

திரும்ப ஓடினேன். "சாய்வே போடுங்க தம்பி. சீமெந்து போதாட்டி குசினி அடுப்படித் தரை மண்ணாவே கிடக்கட்டும். எனக்கு முழங்கால் வலி, படி ஏற முடியல."

யாராவது கேட்டால் நீயும் முழங்கால் என்றே சொல்.

உன் அம்மா